நடுக்கோடையில் தோட்டம்: நிலைத்த பிஞ்சுகளும் உதிர்ந்த பூக்களும்

கோடை பாதியைக் கடந்துவிட்ட இந்த வேளையில், தோட்டம் எப்படி இருக்கிறது என்பதை இலைகளின் செழிப்பைக் கொண்டு நான் மதிப்பிடுவதில்லை. பூத்தவற்றுள் எத்தனை பிஞ்சாக நிலைத்திருக்கின்றன என்பதே என் கணக்கு. அந்தக் கணக்கில் வெண்டைக்கு முதலிடம், தக்காளிக்குக் கடைசி இடம்.

தக்காளிச் செடிகள் இடுப்பளவு வளர்ந்து பச்சைப்பசேலென்றுதான் நிற்கின்றன. ஆனால் பூக்காம்பின் நடுவிலுள்ள கணு மஞ்சளித்து, பூ அந்த இடத்திலேயே கழன்று விழுந்துவிடுகிறது. பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டியும், இரவு வெப்பம் 24 டிகிரிக்குக் குறையாமலும் நீடித்தால் மகரந்தம் வீரியம் இழப்பதும், அதனால் காய் பிடிக்காமல் போவதும் இதற்குக் காரணம். இதைச் சத்துக் குறைபாடு என்று எண்ணித் தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் பெருகுமே தவிரக் காய் வராது. பிற்பகல் வெயில் மட்டும் மறையுமாறு நிழல்வலை கட்டி, வேரடியில் காய்ந்த இலைகளால் கனமான மூடாக்கு இட்டிருக்கிறேன். மண்ணின் ஈரம் ஒரே சீராக இருந்தால்தான் சுண்ணாம்புச்சத்து காய்களுக்குத் தடையின்றிப் போய்ச் சேரும். காயவிட்டு, பிறகு வெள்ளமாகப் பாய்ச்சினால் காயின் அடிப்பகுதி கறுத்து அழுகும், பழுக்கும் காய்கள் வெடிக்கும். ஏற்கெனவே பிடித்த காய்களிலும் 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது என்பதால், நிறம் திரும்பத் தொடங்கியதுமே பறித்து வீட்டுக்குள் பழுக்க வைக்கிறேன்.

கத்தரிப் பூவை அருகில் வைத்துப் பார்ப்பது எனக்கு அலுக்காத வேலை. நடுவிலுள்ள சூல்முடி மஞ்சள் மகரந்தப் பைகளைத் தாண்டி வெளியே நீண்டிருந்தால் அந்தப் பூ காய்க்க வாய்ப்பு அதிகம். உள்ளுக்குள்ளே குட்டையாக ஒடுங்கியிருந்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இப்போது நீண்ட வகை நிறையவே தென்படுகிறது. ஆனால் சில கொழுந்துகள் தலை தொங்கி வாடியிருக்கின்றன. தண்டைத் துளைக்கும் புழுவின் வேலை அது. வாடிய பகுதிக்குச் சற்றுக் கீழே நறுக்கிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்புப் புழு இருக்கும். நறுக்கியதைச் செடியடியில் போட்டுவைக்காமல் அழித்துவிட வேண்டும்.

பந்தலில் பீர்க்கும் பாகலும் முதலில் வெறும் ஆண் பூக்களாகவே பூத்தன. கொடி வகைகளுக்கு அதுதான் இயல்பு, பதற வேண்டியதில்லை. இப்போது அடியில் குட்டிக் காயைச் சுமந்த பெண் பூக்கள் வரத் தொடங்கியுள்ளன. பாகலின் பூ காலையிலும் பீர்க்கின் பூ மாலையிலும் விரிவதால், தேனீக்கள் குறைவான நாட்களில் அந்தந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் சூல்முடியில் தடவிவிடுகிறேன்.

வெண்டையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வெயில் ஏற ஏற அதற்குக் கொண்டாட்டம். ஓரிரு நாள் பறிக்கத் தவறினால் காய் நாராகிவிடும், செடியும் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

வெள்ளரிதான் ஓய்ந்துவிட்டது. இலையின் அடிப்புறம் மெல்லிய வலையும் செம்புள்ளிகளுமாகச் சிலந்திப்பேன் பரவியிருக்கிறது. தண்ணீரைப் பீய்ச்சியும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும் ஓரளவே அடங்கியது. காய்களும் கசக்கத் தொடங்கிவிட்டதால், இந்த வாரம் கொடிகளைப் பிடுங்கிவிட்டு, வெப்பத்தையும் வறட்சியையும் தாங்கும் கொத்தவரையை அங்கே விதைக்கப் போகிறேன்.