மாடு கடிக்கவில்லை, ஆனால் ஊசி வேண்டும்

அப்பாவுக்கு நாலாவது ரேபிஸ் தடுப்பு ஊசியும் போட்டு முடிந்தது. இப்போதுதான் உட்கார்ந்து எழுத மனசு வருகிறது.

எங்கள் ஜெர்சி மாடு கன்று போட்டு நாலு மாதம். ஒரு புதன்கிழமை தீவனம் எடுக்கவில்லை. தொட்டியில் வாயை வைத்தது, குடிக்க முடியாமல் திரும்பிக்கொண்டது. வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். பனங்கொட்டை சிக்கியிருக்கும் என்று அப்பா முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். ஒன்றும் இல்லை. மறுநாள் கத்த ஆரம்பித்தது, தொண்டை கட்டிய ஆள் கூப்பிடுவதுபோல. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு போன் போட்டோம். வந்த டாக்டர் கிட்டவே போகவில்லை. நாலடி தள்ளி நின்று கேட்ட முதல் கேள்வி: "நாய் ஏதாச்சும் கடிச்சுதா?"

அம்மாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரண்டு மாதம் முன்னால் ராத்திரி தெருநாய் ஒன்று கொட்டகைக்குள் புகுந்தது. மாட்டின் மூக்கோரம் சின்னக் காயம். மஞ்சள் வைத்தோம், மறந்தோம். அன்றைக்கே சோப்பு போட்டுக் கழுவி, தொடர் ஊசி போட்டிருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அறிகுறி வந்த பிறகு ரேபிஸுக்கு வைத்தியம் கிடையாது, மாட்டுக்கும் சரி, மனிதனுக்கும் சரி.

"கையில காயம் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். அப்பா கையில் முந்தின நாள் கரும்புத் தோகை கிழித்த கீறல்கள். சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, உடனே ஊசி போடக் கிளம்பச் சொன்னார்.

இங்கேதான் கூத்து. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சீட்டுப் போடுகிறவர், "எங்கே கடிச்சுது?" என்றார். கடிக்கவில்லை, மாட்டு எச்சில் பட்டது என்றோம். "மாட்டு எச்சிலுக்கெல்லாம் ஊசியா?" என்று பின்னால் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் கிளம்பிவிட்டார், நாளைக்கு வாங்க. அவ்வளவுதான். அப்பா கூச்சப்பட்டு வண்டியில் ஏறிவிட்டார்.

வெள்ளி காலை மாட்டு டாக்டரிடமே போய்க் கடிதம் வாங்கினேன். மாட்டுக்கு ரேபிஸ் சந்தேகம், கீறல் உள்ள கையில் உமிழ்நீர் பட்டிருக்கிறது என்று இரண்டே வரி, கையெழுத்து, முத்திரை. இதை முதல் நாளே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நீங்களாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

அதோடு தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனால், அங்கே இன்னொருவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "சந்தேகம்னுதானே போட்டிருக்கு?" என்கிறார். உறுதி செய்ய மாடு செத்த பிறகு மூளையை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை அப்பா காத்திருப்பதா? நான் சத்தம் போட்டதில் உள்ளேயிருந்து டாக்டரம்மா வந்தார். கடிதத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. கீறலில் எச்சில் பட்டாலும் கடிக்குச் சமம்தான் என்று அந்த ஆளுக்கும் சேர்த்தே சொன்னார்.

முதல் ஊசி அங்கேயே போட்டார்கள். காயத்திலேயே கிருமியை முறிக்கிற சீரம் என்ற மருந்தும் போட வேண்டுமாம்; அது இருப்பில் இல்லாததால் மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முதல் ஊசி போட்ட ஏழு நாளுக்குள் சீரம் போட்டாக வேண்டும், அதனால் அன்றைக்கே போனோம். சீரத்தைக் கீறலைச் சுற்றியே குத்துகிறார்கள். விரல் நுனியில் ஏறும்போது அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். அடுத்த ஊசிகள் 3, 7, 28-ஆம் நாள். அதில் சிக்கல் இல்லை.

வெள்ளி இரவு மாடு செத்தது. ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தோம். தோலுக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்புவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. பால் வாங்கிய வீட்டுக்காரர்களும் வந்து நின்றார்கள். காய்ச்சிய பாலால் பயமில்லை என்று மாட்டு டாக்டரே போனில் சொன்ன பிறகுதான் கலைந்தார்கள். பால் குடித்த கன்றுக்கும் ஊசி ஆரம்பித்தாயிற்று.

நாலாவது ஊசிக்குப் போனபோது புது நர்ஸ். சீட்டில் 'நாய்க்கடி, வலது கை' என்றிருந்தது. மாட்டுக்குக் கட்டம் இல்லையாம். "நாய் உசுரோட இருக்கா, பார்த்தீங்களா?" என்று கேட்டார்.

"மாடு போயிடுச்சும்மா," என்றார் அப்பா.