எழுபதுகளின் வன்னிக்கு உடுப்புத் தைப்பது

எழுபதுகளில் நடக்கிற கதையைப் படமெடுத்தால் உடனே எல்லோருக்கும் பெல்பொட்டம் மாட்டிவிடுகிறார்கள். அரசியல் நகைச்சுவை என்றால் இன்னும் மோசம். கொலரைத் தோள்மூட்டு வரை இழுத்து ஆளையே கோமாளியாக்கிவிடுகிறார்கள். சிரிப்பு வேட்பாளரின் பேச்சில் வரட்டும். உடுப்பைப் பார்த்து அவர் உண்மையான ஆள் என்று நம்ப வேண்டும்.

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். 1970 மே தேர்தலில் தமிழரசுக் கட்சிக்கு வீட்டுச் சின்னம், 1977 யூலையில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு உதயசூரியன். சேட்டில் குத்துகிற சின்னம் மாறினால் வயது போனவர்கள் அந்த இடத்திலேயே படத்தை விட்டுவிடுவார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு, நல்ல துணி கிடைப்பதே அரிது. ஆகவே பரந்தனிலோ மாங்குளத்திலோ கூடுகிற கூட்டத்துக்குச் சாரமும் தோளில் துவாயும்தான் பொருந்தும். ஆனால் செத்தல் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை போன காலமும் அதுதான். அந்தக் காசில் ஒரு பொடியன் பெல்பொட்டம் தைத்திருக்கலாம். கூட்டத்தில் அவன் ஒருவன் போதும்.

அவனுக்குப் புதிதாக வெட்டத் தேவையில்லை. ஒரே துணியில் இரண்டு களிசான் வாங்குங்கள். ஒன்று போட, மற்றது வெட்ட. தொடை இறுக்கமாக, கால்வாய் (காலின் அடி விளிம்பு) சுற்றளவு 16 அங்குலமாக இருந்தால் நல்லது. ஒவ்வொரு காலிலும் உள்தையல், வெளித்தையல் இரண்டையும் முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து பிரித்து, அடியில் 5 அங்குல அகலமுள்ள முக்கோணத் துண்டை வையுங்கள். தையலுக்கு இரு பக்கமும் அரை அங்குலம் போனால் 4 அங்குலம் மிஞ்சும். கால்வாய் 24 ஆகும். வெளிப்பக்கம் மட்டும் வைத்தால் கால் முறுகி, ஸ்திரிக்கை மடிப்பு பக்கவாட்டுக்குப் போய்விடும். துண்டின் நடுக்கோடு துணியின் நெடுக்கு நூலோடு போக வேண்டும். ஓரங்கள் சாய்வாக வெட்டுப்படுவதால் இழுபடும். ஓர் இரவு தொங்கவிட்ட பிறகே விளிம்பு மடியுங்கள். அளவு எடுக்கும்போது சப்பாத்தைப் போட்டிருக்க வேண்டும். குதிப்பக்கம் நிலத்துக்கு அரை அங்குலம் மேலே நின்றால் சரி.

கொலர் முனை 4 அங்குலத்தைத் தாண்டவேண்டாம். ஸ்திரிக்கையில் ஒட்டுகிற உள்துணி வெயிலிலும் வியர்வையிலும் கொப்புளித்துவிடும். தைக்கிற கன்வஸ் பாவியுங்கள். முனையைத் திருப்ப முன்னர் தையலோரத்தை எட்டில் ஒரு அங்குலத்துக்கு நறுக்காவிட்டால் நுனி குண்டாகிவிடும். பொலியெஸ்டர் சேட்டில் இன்னொரு தொல்லை, மைக்கை உள்ளே மறைத்தால் சரசரப்பு முழுக்கப் பதிவாகும். மைக்குக்கும் சேட்டுக்கும் இடையில் பருத்தித் துண்டு ஒன்றை ஒட்டுங்கள்.

வேட்பாளரின் வேட்டி, நாஷனல் சட்டை, சால்வை மூன்றும் பருத்தியாக இருக்கட்டும். கடையிலிருந்து வந்த வெள்ளை வன்னி மத்தியான வெயிலில் கண்ணைக் கூசும், கமெராவில் மடிப்பே தெரியாது. எல்லாத் துணியும் தாராளமாக அமிழுமளவு கொதிநீரில் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி தேயிலை போட்டு வடித்து, நனைத்த துணியை ஐந்து நிமிடம் அமிழ்த்துங்கள். காய்ந்த துணியைப் போட்டால் திட்டுத்திட்டாகும். மூன்றையும் ஒரே பானையில் ஒன்றாக விடாவிட்டால் மூன்று நிறம் வரும். பொலியெஸ்டர் நூலில் சாயம் ஏறாது, தையல் மட்டும் வெள்ளைக் கோடாக நிற்கும். நாஷனலைப் பருத்தி நூலால் தைக்கச் சொல்லுங்கள். அழுக்குக்கு வர்ணம் பூசாதீர்கள். அரித்தெடுத்த செம்புழுதியைத் தூரிகையால் வேட்டிக்கரையில் மட்டும் தட்டுங்கள். அது தோய்த்தாலும் முழுதாகப் போகாது, ஆகவே கூட்டத்துக்கு முந்திய காட்சிகளுக்கு வேறொரு வேட்டி வேண்டும். அதையும் அதே பானையில் சேர்த்தே சாயமிடுங்கள்.

மாதிரிக்குப் பழைய உடுப்பு வன்னியில் கிடைப்பது மிகக் கடினம். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பெட்டிகளும் அல்பங்களும் போய்விட்டன. வெளிநாட்டிலிருக்கும் சொந்தங்களிடம் அந்தக்காலக் கலியாணப் படங்கள் இருக்கும். கேட்கும்போது மணமக்களின் படத்தோடு பின்வரிசையில் நிற்பவர்களின் படத்தையும் கேளுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கான் பண்ணி அனுப்பச் சொல்லுங்கள், ஸ்ரூடியோ முத்திரையோடு திகதியும் சிலவேளை இருக்கும்.