குதிகால் மிதியைக் கழற்றினேன், மீண்டும் மாட்டினேன்

2022இல் வாங்கிய என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 வண்டியின் கியர் லீவருக்கு இரண்டு முனைகள் உண்டு. முன்முனை பாத விரல்களுக்கு, பின்முனை குதிகாலுக்கு. முதல் கியருக்கு முன்முனையை அழுத்த வேண்டும். மேலே உள்ள நான்கு கியர்களுக்கும் அதே முன்முனையை விரலால் தூக்கலாம், அல்லது பின்முனையைக் குதிகாலால் அழுத்தலாம். தூக்குவதற்கு விரல்கள் இருக்கும்போது குதிகால் மிதி எதற்கு என்று கேட்பவர்களின் பக்கம்தான் நான் முதலில் இருந்தேன்.

அப்படி நினைக்க வைத்தது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். தொடர்ந்து வளைவுகளில் ஓட்டும்போது பாதத்தின் நடுப்பகுதியை ஃபுட்ரெஸ்டில் வைக்காமல், சற்றுப் பின்னுக்கு இழுத்து விரல்களின் அடிப்பகுதியை அதன்மேல் வைத்துக்கொள்வது என் பழக்கம். உடலின் எடையைக் கால்களில் தாங்க அது உதவுகிறது. பாதம் பின்னே போனால் குதிகால் மிதி உள்ளங்காலுக்கு நேர் கீழே வந்துவிடுகிறது. ஒரு வளைவின் நடுவில், இரண்டாம் கியரில் ஏறிக்கொண்டிருந்தபோது, நான் கேட்காமலேயே மூன்றாம் கியர் விழுந்தது. எஞ்சின் திணறி, வண்டி உதறியது. பின்னால் ஒரு பேருந்து வந்துகொண்டிருந்தது. அன்று மாலையே பின்முனையை நீக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

என் வண்டியில் லீவர் ஒரே துண்டு என்பதால் பின்முனையை மட்டும் தனியாகக் கழற்ற முடியாது. ஹார்லியின் நெடும்பயண வண்டிகளில் இரண்டு முனைகளும் தனித்தனி என்பதால், பின்முனையை எடுத்துவிட்டு அந்த இடைவெளியில் ஒரு வளையத்தைப் போட்டால் வேலை முடிந்துவிடும். நம் ஊரில் சிலர் பின்முனையை ரம்பத்தால் அறுத்துவிடுகிறார்கள். அதை யாரும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்: அறுத்ததை ஒட்ட முடியாது, அறுத்த முனையின் கூர்மை என்றாவது ஒருநாள் யாருடைய காலையாவது கிழிக்கும். நான் முன்முனை மட்டும் உள்ள லீவர் ஒன்றைக் கடையில் வாங்கி மாட்டிக்கொண்டு, பழையதைத் துணியில் சுற்றி வைத்தேன்.

மலைச் சாலைக்கு அது மிகவும் நன்றாக இருந்தது. பாதத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்க முடிந்தது. ஆனால் நான் மலையில் ஓட்டுவது ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே. ஆண்டு முழுவதும் ஓட்டுவது வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, படப்பையிலும் ஒரகடத்திலும் நின்று நின்று. ஒவ்வொரு முறை நின்று கிளம்பும்போதும் மேல் கியர்களுக்காக லீவரை நான்கு முறை தூக்க வேண்டும். ஷூ அணிந்திருந்தால் அதன் மேல்தோல் தேய்வதோடு போய்விடும். செருப்பு அணிந்து ஓட்டினால், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் இருக்கும் அதே இடத்தில்தான் லீவரின் இரும்பு மேலெழுந்து அழுத்துகிறது. கியர் வண்டியைச் செருப்போடு ஓட்டக் கூடாது என்று சொல்லிவிடலாம். அது சரியான அறிவுரையும்கூட. எனினும் நம் தெருக்களில் எத்தனை கால்கள் ஷூவுக்குள் இருக்கின்றன என்பதைப் பார்த்த பிறகு அந்த வாதத்தோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

1958இல் ஹோண்டா வெளியிட்ட சூப்பர் கப் வண்டியிலேயே முன்னும் பின்னும் மிதிக்கும் லீவர்தான் இருந்தது. விரலால் தூக்கும் தேவையே அதில் இல்லை. நம் ஊரின் ஸ்ப்ளெண்டரும் அந்த வழியில் வந்ததே. அதில் நான்கு கியர்களும் முன்னே அழுத்தினால் ஏறும், குதிகாலால் அழுத்தினால் இறங்கும். எந்தக் காலணியோடு ஓட்டுபவர்களுக்கும் வசதியான ஏற்பாடு அது. (பழைய புல்லட்டின் வலப்புறத்தில், கியர் லீவருக்குப் பின்னால் இருந்த சிறு மிதியை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது கியர் ஏற்றுவதற்கானது அல்ல. முதல் கியர் தவிர மற்ற கியர்களிலிருந்து நேரே நியூட்ரலுக்கு வருவதற்கானது. இன்றைய வண்டிகளில் அது இல்லாததை நினைத்து நான் உண்மையாகவே வருந்துகிறேன்.)

என் முடிவை மாற்றியது அப்பாவின் கால். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைக்கு இந்த வண்டியைத்தான் அவர் எடுத்துச் செல்கிறார். பல ஆண்டுகளாக நீரிழிவு உள்ளவர். விரல்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. புதிய லீவர் மாட்டிய மூன்றாம் வாரம் அவருடைய இடது பெருவிரலின் மேல்புறத்தில் தோல் உரிந்திருந்ததை அம்மாதான் பார்த்தார். அவருக்கு வலிக்கவே இல்லை. நீரிழிவுக் காரரின் காலில் வலிக்காத புண் என்ன செய்யும் என்பது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் புண் ஆறிவிட்டது. ஆறும்வரை நான் வண்டிச் சாவியை அவருக்குக் கொடுக்கவில்லை.

பழைய லீவரைத் திரும்ப மாட்டியபோது, கொல்லிமலையில் நடந்ததற்கும் ஒரு வழி தேட வேண்டியிருந்தது. மெக்கானிக் அண்ணன் சொன்ன வழி எளிது: லீவர் உட்காரும் தண்டில் பற்கள் இருக்கின்றன, ஒரு பல் தள்ளி மாட்டினால் முன்முனை உயர்ந்து பின்முனை தாழும். சீசா பலகையைப் போல ஒன்று ஏறினால் மற்றது இறங்கியாக வேண்டும் என்பதால், இரண்டையும் தனித்தனியாக நம் விருப்பத்துக்குச் சரிசெய்ய முடியாது. என் விஷயத்தில் இரண்டுமே நல்லதாக அமைந்தது. முன்னே பூட்ஸ் நுழைய இடம் கிடைத்தது. பின்னே, பாதத்தை இழுத்து வைக்கும்போது மிதி உள்ளங்காலைத் தொடவில்லை.

இதைச் செய்பவர்கள், கழற்றுவதற்கு முன் தண்டிலும் லீவரிலும் நேர்க்கோடாக ஓர் அடையாளம் போட்டுக்கொள்ள வேண்டும். மாட்டிய பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுற்றியபடி முதல் கியரை முன்முனையாலும் மற்ற நான்கையும் குதிகாலாலும் போட்டுப் பார்க்க வேண்டும். கியர் விழுவதற்கு முன்பே பின்முனை ஃபுட்ரெஸ்டில் இடித்தால் பழைய பல்லுக்கே திரும்பிவிட வேண்டும். நியூட்ரலைக் குதிகாலால் தேடுவதும் வீண். முதல் கியரிலிருந்து அழுத்தினால் பெரும்பாலும் இரண்டாம் கியர்தான் விழும். இரண்டாம் கியரிலிருந்து முன்முனையை மெல்ல அழுத்தினால் கிடைத்துவிடுகிறது. லீவரை இறுக்கும் போல்ட்டை நான் ஒரு வாரம் ஓட்டிய பிறகு மறுபடியும் ஸ்பேனர் வைத்துப் பார்த்தேன். கால் சுற்று இறுக்க வேண்டியிருந்தது.