அன்னா சட்டர்: எழுபத்தைந்து சென்டிமீட்டரில் ஓர் ஆயுள்

பழைய மனிதர்களின் வாழ்க்கையைக் கட்டம் போட்ட வரைபடத்தாளில் காலக்கோடாக வரைந்து பார்ப்பது என் நெடுநாள் பொழுதுபோக்கு. ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. கடந்த நான்கு மாதங்களாக என் மேசைமேல் இருப்பது, சுவிட்சர்லாந்தில் பிறந்து, கலிஃபோர்னியாவில் குடியேறி, பென்சில்வேனியாவில் அடக்கமான அன்னா டூபெல்ட் சட்டரின் கோடு. அவர் 1805இல் பிறந்தார். 1881 ஜனவரி 19 அன்று, 75 வயதில் இறந்தார். மூன்று தாள்களை ஒட்டினால்தான் அவருடைய ஆயுள் அதில் அடங்குகிறது.

அவருடைய கணவர் ஜான் சட்டரைப் பலர் அறிவார்கள். சாக்ரமென்டோவில் கோட்டை கட்டியவர் அவர்; 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் அவருக்காக எழும்பிக்கொண்டிருந்த மரமறுப்பு ஆலையில்தான் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைக் கண்டெடுத்தார். நான் முதலில் செய்த தவறும் அங்கிருந்தே தொடங்கியது. கணவரின் காலக்கோட்டை வரைந்துவிட்டு, மனைவியின் நிகழ்வுகளை அதன் கீழே கிளைகளாகத் தொங்கவிட முயன்றேன். நியூயார்க், செயின்ட் லூயிஸ், சான்டா ஃபே, வான்கூவர் கோட்டை, ஹொனலுலு, சிட்கா என்று 1834 முதல் 1839 வரையிலான ஐந்து சென்டிமீட்டருக்குள் அவருடைய ஊர்ப்பெயர்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அதே ஐந்து சென்டிமீட்டரில் அன்னாவுக்கு எழுத ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வாரம் வரைந்த அந்தத் தாளை எடுத்து வைத்துவிட்டு, அன்னா எங்கே இருந்தார், எது அவருடைய வாழ்க்கையை மாற்றியது என்பதை மட்டுமே குறிப்பது என்று விதி வகுத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கினேன்.

பெர்ன் மாநிலத்தின் புர்க்டோர்ஃப் ஊரில் 1826 அக்டோபர் 24 அன்று அவருக்குத் திருமணம் நடந்தது. மறுநாள் மூத்த மகன் ஆகஸ்ட் பிறந்தான். என் அளவில் இந்த இரண்டு நிகழ்வுகளையும் தனித்தனியாகக் குறிக்கவே முடியாது. பென்சில் முனையைவிட மெல்லிய இடைவெளி அது. வசதியான வீட்டுப் பெண்ணாக இருந்த அன்னாவுக்கு அந்த ஒரு நாள் எப்படிக் கழிந்திருக்கும் என்று எண்ணியபடி, ஒரே புள்ளிக்கு இரண்டு பெயர் எழுதினேன். அடுத்த ஏழரை சென்டிமீட்டருக்குள் மேலும் நான்கு குழந்தைகளும், மாமியார் பணத்தில் தொடங்கி நொடித்துப்போன ஒரு கடையும் வந்துவிடுகின்றன. 1834 மே மாதத்தில் கணவர் கடன்காரர்களுக்குத் தப்பி அமெரிக்காவுக்குப் போய்விட்டார். அன்னா ஐந்து குழந்தைகளோடு நின்றார்.

அதன்பின் கோட்டில் வருவது பதினாறு சென்டிமீட்டருக்குச் சற்றே குறைந்த ஒரு வெளி. அவர் உறவினர் ஆதரவில், வறுமையில் நாள் கடத்தினார் என்ற ஒரே வாக்கியத்தில் பொதுவாக அந்தக் காலத்தைக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. கணவர் போனபோது மூத்தவனுக்கு ஏழு வயது. அவன் தந்தையைத் தேடிக் கலிஃபோர்னியா போய்ச் சேர்ந்த 1848 செப்டம்பரில் இருபத்தொன்று. ஒரு பையன் ஆளாகி நிற்கும் அளவுக்கு நீண்ட காலம் அது. ஆகவே அந்த வெளியில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் மேலே பிள்ளைகளின் வயதை மட்டும் சிறிய எண்களில் எழுதினேன். ஐந்து பேரில் கலிஃபோர்னியா மண்ணை மிதித்தவர்கள் நால்வரே என்பதால், ஐந்தாவது வரிசை மற்றவற்றோடு சேர்ந்து கடல் கடக்கவில்லை. வெறுமையாகத் தெரிந்த பகுதி, இப்போது முழுத் தாளிலும் அடர்த்தியான பகுதியாகிவிட்டது. இந்த முயற்சியில் எனக்கு நிறைவு தந்த முதல் இடம் இதுதான்.

பெயரில் ஒருமுறை தடுக்கி விழுந்தேன். தாய் அன்னா, மகள் அன்னா எலைசா, பேத்தியும் அன்னா. மகளுக்கு உரிய 1852ஆம் ஆண்டுத் திருமணக் குறிப்பை அவசரத்தில் தாயின் கோட்டருகே எழுதிவிட்டேன். அன்றைய நாளிதழ்களிலும் மணமான பெண்கள் கணவரின் பெயராலேயே குறிப்பிடப்பட்டதால், 'சட்டர்' என்று தேடினால் கோட்டையும் மாவட்டமும் ஓடையும் வருகின்றனவே தவிர இவர் எளிதில் அகப்படுவதில்லை. தாய்க்கு நீல மை, மகளுக்குப் பச்சை மை, பேத்திக்குப் பென்சில் என்று பிரித்த பிறகே குழப்பம் தீர்ந்தது.

இரண்டாம் மாதத்திலிருந்து, குர்ரென்ட் என்னும் பழைய ஜெர்மன் கையெழுத்தைப் பயின்று வருகிறேன். 1849இல் அன்னாவையும் மூன்று பிள்ளைகளையும் சுவிட்சர்லாந்திலிருந்து அழைத்துவர மூத்த மகன் அனுப்பிய ஆள் ஹைன்ரிக் லீன்ஹார்ட், அவரும் சுவிஸ்காரர். முதுமையில் அவர் எழுதிய நினைவுக் குறிப்புகளின் கையெழுத்துப்படி, பெர்க்லியிலுள்ள பான்கிராஃப்ட் நூலகத்தில் இருக்கிறது. அச்சு வடிவை மட்டும் நம்பாமல், அந்த எழுத்தைப் பார்த்தால் நேரடியாகப் படிக்கும் தகுதி எனக்கு வேண்டும் என்று விரும்பினேன். உலோக முள் பேனாவை மையில் தொட்டு, தினமும் ஒரு பக்கம் எழுதுகிறேன். இந்த எழுத்தில் 'எ' (e) என்பதும் 'ன்' (n) என்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரி இரு கோடுகள். முன்னது சற்று நெருக்கமானது, அவ்வளவே. 'உ'வை (u) 'ன்'னிலிருந்து பிரித்துக்காட்ட அதன் தலைமேல் ஒரு சிறு வளைவு இடுகிறார்கள். இரட்டை 'ன்' வரும் இடத்தில் ஒன்றை மட்டும் எழுதி மேலே கிடைக்கோடு போடும் வழக்கமும் உண்டு என்பதால், அன்னா என்ற பெயரே ஒற்றை 'ன'கரத்தோடு தலையில் கோடு தாங்கி வரக்கூடும். இது தெரியாமல் பதிவேடுகளைத் தேடியிருந்தால் அவரைக் கண்முன் வைத்துக்கொண்டே தவறவிட்டிருப்பேன். டூபெல்ட் என்பதில் 'ஊ'வின் மேலுள்ள இரு புள்ளிகள், முற்காலத்தில் எழுத்தின் தலைமேல் எழுதப்பட்ட சிறிய 'எ'யின் எச்சம் என்பதையும் எழுதி எழுதித்தான் கையால் உணர்ந்தேன்.

பயணத்துக்கு என் தாளில் கிடைத்தது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இடம். பனாமாவில் அப்போது ரயில் பாதை இல்லை; சாக்ரெஸ் ஆற்றில் படகும், அதன்பின் கழுதைப் பாதையும்தான். 44 வயதில், வளர்ந்த பிள்ளைகளோடு அந்தக் காட்டைக் கடந்து, 1850 ஜனவரியில் அவர் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்.

ஃபெதர் ஆற்றங்கரையில் இருந்த கணவரின் ஹாக் பண்ணையில் பதினைந்தரை ஆண்டுகள் வாழ்ந்தார். இவரை 'முன்னோடி' என்று எழுதும்போது நான் சற்று நின்றே எழுதுகிறேன். ஹாக் என்பது அங்கிருந்த நிசெனான் என்னும் பூர்வகுடி மக்களின் ஊர்ப்பெயர்; அந்த மக்களின் உழைப்பை வற்புறுத்திப் பெற்றே சட்டர் தம் நிலத்தை உருவாக்கினார். அன்னா வந்து சேர்ந்த வீட்டின் அடித்தளம் அது. ஆகவே கோட்டின் கீழ் விளிம்பில், இந்தப் பகுதி முழுவதற்கும் 'நிசெனான் நிலம்' என்று எழுதியிருக்கிறேன். தங்கம் தேடி வந்த கூட்டம் நிலத்தை ஆக்கிரமித்தது. வழக்குகள் சொத்தைக் கரைத்தன. மகன் அல்போன்ஸ் 1863இல் இறந்தான். 1865 ஜூனில் ஒருவன் வைத்த தீயில் வீடும் எரிந்தது. அறுபது வயதை எட்டும் நிலையில் அன்னா இரண்டாம் முறையாக வீடிழந்தார்.

இழப்பீடு கேட்டு வாஷிங்டன் சென்ற கணவரோடு கிழக்குக் கரைக்கு வந்து, 1871இல் பென்சில்வேனியாவின் லிட்டிட்ஸில் குடியேறினார். அது மொரேவியன் என்னும் கிறித்தவச் சபையினரின் ஊர். 1760இல் தரங்கம்பாடிக்கு வந்து சில பத்தாண்டுகள் தங்கிய அதே சபைதான். அங்கே பேரப்பிள்ளைகளை வளர்த்தார். 1880 ஜூன் 18 அன்று, இழப்பீட்டு மசோதா நிறைவேறாமல் நாடாளுமன்றக் கூட்டத்தொடர் முடிந்த இரண்டாம் நாள், கணவர் வாஷிங்டன் விடுதி ஒன்றில் இறந்தார். ஏழு மாதங்கள் கழித்து, லிட்டிட்ஸில் அன்னாவின் உயிர் பிரிந்தது. மொரேவியன் இடுகாடுகளில் ஆண்களையும் பெண்களையும் தனித்தனி வரிசைகளில் அடக்கம் செய்வது மரபு. அந்தச் சபையைச் சேராத இவர்கள் இருவருமோ அங்கே சேர்ந்தே கிடக்கிறார்கள். பதினாறு ஆண்டு வெளியை வயது எண்களால் நிரப்பிய பிறகு இந்தச் செய்தியைப் படித்தபோது, பேனாவை வைத்துவிட்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன்.

தாளின் வலக்கோடியில் இப்போது மிஞ்சியிருப்பது, அவர் கைம்பெண்ணாக வாழ்ந்த அந்த ஆறு மில்லிமீட்டர். அதன் மேல், இரண்டு 'ட்'டுகள் கொண்ட பழைய எழுத்துக்கூட்டலில், 'விட்வெ' என்னும் ஜெர்மன் சொல்லைக் குர்ரென்ட்டில் பென்சிலால் எழுதியிருக்கிறேன். 'எ' இன்னும் 'ன்' போலவே விழுகிறது. பெர்ன் மாநில ஆவணக் காப்பகம் பழைய தேவாலயப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருப்பதால், அடுத்த மாதம் புர்க்டோர்ஃபின் 1826ஆம் ஆண்டுப் பக்கங்களில், தலையில் கோடிட்ட அன்னாவைத் தேடத் தொடங்குவேன். அதுவரை அந்தச் சொல் பென்சிலிலேயே இருக்கட்டும்.