சாளையோடு வந்த கோழிகள்: மரத்திலிருந்து கூண்டுக்கு இறக்கின கதை

பல்லடம், காங்கயம், தாராபுரம் பக்கம் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்துக்குள் இருக்கிற வீட்டுக்கு, குடிவருகிறவர்களுக்கு வீட்டோடு சேர்ந்து சில கோழிகளும் வாய்ப்பதுண்டு. முன்னால் பண்ணையம் பார்த்தவர்கள் ஆடு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வேப்பமரத்தில் அடைகிற நாலு பெட்டையையும் ரெண்டு சேவலையும் யார் துரத்திப் பிடிப்பது? சில மாதத்தில் அவை பாதி காட்டுக்கோழி ஆகிவிடும். ஆளைக் கண்டால் கிளுவை வேலிக்குள் நுழையும், பொழுது சாய்ந்தால் மரமேறும்.

பக்கத்துத் தோட்டத்தில் விசாரிக்காமல் ஒன்றின் மேலும் கைவைக்கக் கூடாது. சேவல் கருப்பராயனுக்கோ முனியப்பனுக்கோ நேர்ந்துவிட்டதாக இருந்தால் பிற்பாடு பெரிய பஞ்சாயத்து.

அடுத்து வாசலையும் மாடு கட்டுகிற கட்டுத்தரையையும் சுத்தம் செய்ய வேண்டும். ஆணி, கம்பித் துண்டு, உடைந்த கண்ணாடி எல்லாவற்றையும் கோழி கொத்தி விழுங்கும். மூலையில் கிடக்கும் பழைய பூச்சிமருந்து டப்பா, உரச்சாக்கு, மருந்து கலந்த விதை எதுவும் இருக்கக்கூடாது. எலிமருந்து வைக்கவே வேண்டாம். மருந்தைத் தின்று செத்த எலியைக் கொத்தினாலும் கோழிக்கு ஆபத்துதான்.

துரத்திப் பிடிக்க நினைத்தால் அத்தோடு முடிந்தது, ஒரு வாரத்துக்குப் பக்கத்தில் வராது. தீனியும் நேரமும்தான் பிடிக்கும். கோழி எங்கே அடைகிறதோ அதுதான் அதற்கு வீடு, தீனி போடுகிற இடமல்ல. அதனால் வேலை முழுக்கச் சாயங்காலத்தைச் சுற்றியே இருக்கிறது.

மேய்கிற நாட்டுக்கோழிக்கு மேல்தீனியாக நாளைக்கு 40 கிராம் போதும். ஆறு கோழிக்கு 240 கிராம். கம்பு, உடைத்த மக்காச்சோளம், சோளக் குருணை எதுவானாலும் சரி. காலையில் கால் பங்கு, பொழுது இறங்க அரை மணி நேரம் முன்பு முக்கால் பங்கு. காலையிலேயே வயிறு நிறையப் போட்டால் சாயங்காலம் கூப்பிட்டாலும் வராது. அடைவதற்கு முன் இரைப்பையை நிரப்பிக்கொள்வது அதன் சுபாவம், அந்தப் பசிதான் நமக்குக் கயிறு. ஒரு தகரப் போசியில் தானியத்தைப் போட்டுக் குலுக்குங்கள். தினமும் அதே போசி, அதே சத்தம், முடிந்தால் அதே ஆள். முதல் நாள் மரத்தடியிலேயே இறைத்துவிட்டு இருபதடி தள்ளி உட்கார்ந்துகொள்ள வேண்டும், முகத்தைப் பார்க்கக் கூடாது. பிறகு தினமும் நாலைந்து அடி கூண்டுப் பக்கமாக நகர்த்தினால் பத்துப் பன்னிரண்டு நாளில் கூண்டு வாசலுக்கு வந்துவிடும்.

அதற்குள் கூண்டு தயாராக இருக்க வேண்டும். பத்துக் கோழிக்கு ஐந்தடிக்கு நாலடி, தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் வைத்து. வாசல் கிழக்கே பார்த்திருக்கட்டும். வைகாசி தொடங்கிப் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று இந்தப் பக்கத்தை அறைகிற அறையில், மேற்கும் தெற்கும் திறந்த கூண்டில் ஆடி மாதம் எந்தக் கோழியும் நிம்மதியாக அடையாது. கடையில் கோழிவலை என்று தருகிற அறுகோணக் கம்பிவலை கோழியை உள்ளே வைக்கும், கீரியை வெளியே வைக்காது. அரை அங்குல வெல்டு மெஷ் வாங்குங்கள். அடையும் கம்பு இரண்டு அங்குலத் தடிமன், முனை மழுக்கியது, கோழிக்கு எட்டு அங்குல இடம். எல்லாக் கம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று உசந்துவிட்டால் அதற்காக ராத்திரி பூரா சண்டை.

உள்ளே வந்து தின்னப் பழகியதும் ஒரு சாயங்காலம் கதவைச் சாத்திவிடலாம். வராமல் அடம்பிடிப்பதை அமாவாசையை ஒட்டிய இரவில் ஏணி வைத்து எடுக்க வேண்டும். இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. டார்ச்சின் மேல் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் இறக்கையை உடம்போடு சேர்த்து அமுக்கித் தூக்குங்கள். ஒற்றைக் காலைப் பிடித்து இழுத்தால் மூட்டு விலகிவிடும்.

ஆறு நாள் உள்ளேயே தீனி, தண்ணீர். பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது ஏழாம் நாளில்தான், கோழி கூப்பிடும் நேரத்துக்கே கதவைத் திறந்துவிடுவார்கள். பகல் பூரா சுற்றியது பழைய மரத்துக்கே போகும். முதல் நாள் நாலரை மணிக்குத் திறங்கள், ஒன்றரை மணி நேரத்தில் இருட்டிவிடும், போசிச் சத்தத்துக்குத் திரும்பி வரும். அடுத்த நாள் மூன்றரைக்கு. இப்படியே நேரத்தை முன்னே தள்ளி, இரண்டாம் வாரம் காலையில் திறக்கலாம். அப்படியும் மரமேறுகிற கிழட்டுப் பெட்டைக்கு ஒரு பக்க இறக்கையின் பெரிய இறகுகளை மட்டும் பாதிக்கு வெட்டினால் சமநிலை கெட்டு ஏறாது. புதிதாக முளைக்கிற, ரத்தம் ஓடுகிற இறகில் கத்தரி படக்கூடாது.

அந்த ஆறு நாள்தான் வைத்தியத்துக்கும் நேரம். இறக்கையடியிலும் பின்பக்கத்திலும் செல் (கோழிப்பேன்) ஊர்கிறதா பாருங்கள். அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்து ஒரு குழியில் போட்டுவிட்டால் தானே புரண்டுகொள்ளும். கால் செதில் தூக்கிக்கொண்டிருந்தால் அது ஒருவகை உண்ணி; வேப்பெண்ணெயை மூன்று நாளுக்கு ஒருமுறை சில வாரம் தடவினால் மூச்சுமுட்டிச் சாகும்.

வெள்ளைக்கழிச்சலுக்கு மருந்தே கிடையாது, தடுப்பூசி ஒன்றுதான். குடற்புழு மருந்து கொடுத்து ஒரு வாரம் கழித்து, எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையடித் தோலில் அரை மில்லி. நோஞ்சானுக்குப் போடக் கூடாது. முட்டையிடும் கோழி சில நாள் நிறுத்தலாம், பயப்பட வேண்டியதில்லை. கரைத்த மருந்தை ஐஸிலேயே வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரு குப்பியில் 100 கோழிக்கான மருந்து இருக்கும், ஆறு கோழிக்கு அதை உடைப்பது வீண். அக்கம்பக்கத்துத் தோட்டங்களோடு பேசி ஒரே நாளில் கால்நடை மருந்தகத்துக்குப் போய்விடுங்கள்.

எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மிச்சச் சேவல் இருந்தால் பெட்டைகளின் முதுகில் இறகு நிற்காது.

முட்டை கொஞ்ச நாளைக்கு வேலிக்குள்ளும் சோளத்தட்டுப் போரடியிலும்தான் கிடக்கும். கொக்கரித்துக்கொண்டு வருகிற திசையைப் பார்த்துத் தேடுங்கள். தண்ணீரில் மிதக்கிற முட்டையைத் தூர எறிந்துவிட்டு, கூண்டுக்குள் மணல் போட்ட கூடையில் நல்ல முட்டை ஒன்றை விட்டுவைத்தால் அங்கேயே இடப் பழகும். அடை வைக்கும்போது பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வேண்டாம். இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும் கூடையில் போடுவார்கள், போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு பெட்டை கண்ணில் படாமலேயே இருந்து இருபத்தொன்றாம் நாள் வேலிக்குள்ளிருந்து குஞ்சுகளோடு வந்து நிற்கும். அன்றைக்கே மாட்டுத் தொட்டியைப் பலகையால் மூடி, குஞ்சுக்குத் தண்ணீர் வைக்கிற தட்டில் கூழாங்கல் நிரப்பிவிடுங்கள்.