ஹாஸ்டல் சேர்க்கை: அட்மிஷன் முடிந்த பிறகு தொடங்கும் அலைச்சல்

மகளுக்கு ஹாஸ்டல் அறை கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்த ஹாஸ்டல் அலுவலக ஜன்னலை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான் வருகிறது. பொறியியல் கலந்தாய்வு, சாய்ஸ் ஃபில்லிங், ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரியில் போய்ச் சேர்வது எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த கட்டம்தான் ஆளை உலுக்கிவிட்டது. இனி சேர்க்கப் போகிற பெற்றோருக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டியது: கல்லூரி சீட் வேறு, ஹாஸ்டல் இடம் வேறு. ஒதுக்கீட்டு ஆணையில் கல்லூரி, பாடப்பிரிவு, இடஒதுக்கீட்டு வகை எல்லாம் இருக்கும். ஹாஸ்டலைப் பற்றி அதில் எதிர்பார்க்காதீர்கள். ஹாஸ்டலுக்குத் தனி விண்ணப்பம், தனி அலுவலகம், தனி வங்கிக் கணக்கு. அட்மிஷன் கவுன்ட்டரில் இருப்பவரிடம் ஹாஸ்டலைப் பற்றிக் கேட்டால் "அங்க போய்க் கேளுங்க" என்பார். திமிர் என்று நினைக்க வேண்டாம். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது.

கலந்தாய்வில் "அக்செப்ட் அண்ட் அப்வேர்டு" (கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேல் விருப்பத்துக்கும் காத்திருப்பது) கொடுத்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மேலே உள்ள விருப்பத்துக்கு நகர வாய்ப்பு இருக்கிற வரை இப்போது காட்டும் கல்லூரி உறுதி இல்லை. இந்த இடைவெளியில் சில தனியார் கல்லூரிகளிலிருந்து போன் வரும்: "ஹாஸ்டல் வேகமா ஃபில் ஆகுது சார், அட்வான்ஸ் மட்டும் போட்டுடுங்க." போடாதீர்கள். இறுதி ஒதுக்கீடு வேறு கல்லூரிக்கு மாறினால் அந்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. ஹாஸ்டல் பணத்தைக் கட்டும் முன் "சேராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள்" என்பதை எழுத்தில், குறைந்தது மெயிலிலாவது வாங்குங்கள். வாய்வார்த்தை அக்கவுன்ட்ஸ் பிரிவில் செல்லாது.

இனி பணம் கட்டும் கதை. அரசு மற்றும் உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் ஸ்டேட் பாங்க்கின் இணையக் கட்டணத் தளமான எஸ்பி கலெக்ட் வழியாகத்தான் கட்டச் சொல்கிறார்கள். சுற்றறிக்கையில் "ஹாஸ்டல் கட்டணம்" என்று ஒரே வரி. தளத்தில் உள்ளே போனால் எஸ்டாப்ளிஷ்மென்ட் (நிர்வாகக் கட்டணம்), மெஸ் அட்வான்ஸ், காஷன் டெபாசிட் (கடைசியில் திரும்பக் கிடைக்கும் பிணைத்தொகை) என்று தனித்தனி வகைகள். எதில் எவ்வளவு என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. தப்பான வகையில் போய்விட்டால் ஜன்னலில் கிடைக்கும் பதில் இதுதான்: "இது மெஸ் கணக்குல விழுந்திருக்கு, எங்களுக்கு வரல, மறுபடி கட்டுங்க." வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா கண் கலங்கிவிட்டார். நகையை அடகு வைத்துக் கொண்டுவந்த பணம்.

பணம் அதே கல்லூரியின் இன்னொரு கணக்கில்தான் இருக்கிறது, தொலைந்துவிடவில்லை. ரீஃபண்ட் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அதனால் ரீஃபண்ட் கேட்காமல், "வரும் பருவங்களின் மெஸ் அட்வான்ஸில் இதைச் சரிக்கட்டவும்" என்று ஒரு கடிதம் எழுதி, ரசீது நகலை இணைத்து, டெபுடி வார்டனிடம் (ஹாஸ்டலின் தினசரி வேலையைப் பார்ப்பவர்) சீல் வைத்த ஒப்புதல் வாங்குங்கள். அப்படிக் கேட்டவர்களுக்கு வேலை சீக்கிரம் முடிந்தது.

எஸ்பி கலெக்டில் இன்னொரு கண்ணி. கடைசிப் பக்கத்தில் பெயர், பிறந்த தேதி, மொபைல் எண் கேட்கும். ரசீதை மறுபடி எடுக்க வேண்டுமானால் அதே விவரங்களைக் கேட்கும். அப்பாவின் பிறந்த தேதியைப் போட்டோமா, பெண்ணினுடையதையா என்பது ஆறு மாதம் கழித்து யாருக்கு நினைவிருக்கும்? பிள்ளையின் பெயர், பிள்ளையின் தேதி, பெற்றோர் மொபைல் என்று ஒரே முறையை நாலு வருடமும் வைத்துக்கொள்ளுங்கள். "டியு" (DU) என்று தொடங்கும் ரெஃபரன்ஸ் எண்ணை ரசீதின் பின்பக்கத்திலும் போனிலும் எழுதி வையுங்கள். கணக்கில் பணம் கழிந்து, திரையில் "பெண்டிங்" என்று நின்றால் உடனே இரண்டாவது முறை கட்டிவிடாமல் முதலில் பேமென்ட் ஹிஸ்டரியைப் பாருங்கள்.

அடுத்தது கையெழுத்துச் சுழல். ரசீது இருந்தால்தான் வார்டன் கையெழுத்து. வார்டன் கையெழுத்து இருந்தால்தான் அலுவலகத்தில் ரசீதைப் பதிவு செய்வார்கள். இரண்டு ஜன்னலும் ஒன்றையொன்று கைகாட்டும். நோட்டீஸ் போர்டில் வார்டன் என்று இருக்கும் பெயர் பல கல்லூரிகளில் முதல்வருடையது. தினசரி வேலையைப் பார்ப்பவர் டெபுடி வார்டன். அவரும் ஒரு பேராசிரியர், வகுப்பு முடிந்துதான் ஹாஸ்டல் அலுவலகத்துக்கு வருவார். காலை பத்து மணிக்கே போய்க் காத்திருப்பதில் பயன் இல்லை. எந்தத் துறை, எத்தனை மணிக்கு வகுப்பு முடிகிறது என்று துறை அலுவலகத்தில் விசாரித்துவிட்டு அங்கேயே போய்ப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் கையெழுத்து கிடைக்கும். இந்தத் தகவலைச் சொன்னவர் ஹாஸ்டல் வாட்ச்மேன். அவருக்குத் தெரிந்ததில் பாதிகூட அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை.

கேட்கும் காகிதங்கள் பெரும்பாலும் இவைதான்: ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரிக் கட்டண ரசீது, மாணவர் மற்றும் பெற்றோர் ஆதார், மருத்துவத் தகுதிச் சான்று, மாணவர், பெற்றோர், லோக்கல் கார்டியன் (உள்ளூரில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்) மூவரின் பாஸ்போர்ட் அளவுப் படங்கள். மருத்துவச் சான்றில்தான் நிறையப் பேர் திரும்பி வருகிறார்கள். டாக்டரின் பதிவு எண் இல்லாத சீல், ரத்த வகை எழுதாதது, கல்லூரி தரும் படிவத்தில் இல்லாமல் லெட்டர்ஹெட்டில் எழுதியது, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். படிவத்தை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு டாக்டரிடம் போங்கள். லோக்கல் கார்டியனாகப் பெயர் கொடுக்கும் சித்தப்பாவிடமோ மாமாவிடமோ முன்பே சொல்லி வையுங்கள். அவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம்.

பெயர்ப் பிரச்சினை தனி ரகம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. ஹாஸ்டல் படிவத்தில் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள். காஷன் டெபாசிட் திரும்பி வரும்போது வங்கிக் கணக்குப் பெயரும் இதே மாதிரி இருந்தால் தலைவலி குறையும்.

ராகிங் எதிர்ப்பு உறுதிமொழி கட்டாயம். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009ஆம் ஆண்டு விதிமுறைப்படி மாணவரும் பெற்றோரும் ஒவ்வொரு கல்வியாண்டும் தர வேண்டும். ஹாஸ்டலில் சேர்பவர்கள் அதற்கென்று தனியாக இன்னொன்றும் தர வேண்டும். இணையத்தில் பதிவு செய்தால் மெயிலில் ஒரு பதிவு எண் வரும், அதைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். ஆனால் சில அலுவலகங்கள் இன்னும் ஸ்டாம்ப் பேப்பரில் கேட்கின்றன, அதுவும் "20 ரூபாய் பத்திரம்" என்று அச்சடித்த பழைய படிவத்தைக் கையில் கொடுத்து. தமிழ்நாட்டில் பிரமாணப் பத்திரத்துக்கான முத்திரைத் தீர்வை 2024 மே மாதத்தில் 20 ரூபாயிலிருந்து 200 ரூபாயாகிவிட்டது. இணையப் பதிவு எண் போதுமா, பத்திரமும் வேண்டுமா, வேண்டுமென்றால் எவ்வளவுக்கு, யார் பெயரில் என்று ஜன்னலில் கேட்டுத் தெளிந்த பிறகு வாங்குங்கள். அதே விதிமுறை முதலாண்டு மாணவர்களை இயன்றவரை தனி பிளாக்கில் தங்க வைக்கச் சொல்கிறது. சீனியர்களோடு கலந்து அறை ஒதுக்கினால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ராகிங் உதவி எண் 1800-180-5522, இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும். பிள்ளையின் போனில் பதிந்துவிடுங்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்குக் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, ஹாஸ்டல் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2021இல் அறிவித்தது. இது தெரியாமலே பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். "இப்ப கட்டுங்க, கவர்ன்மென்ட்ல வந்ததும் தர்றோம்" என்றால், அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதுமே பேச்சின் தொனி மாறிவிடும். முதல் பட்டதாரிச் சலுகை அப்படியல்ல. அது கல்விக் கட்டணத்தோடு நின்றுவிடும், ஹாஸ்டலில் ஒரு ரூபாய் குறையாது.

கல்விக் கடன் வாங்குபவர்கள் போனஃபைடு சான்று (இந்தக் கல்லூரியில் படிக்கிறார் என்ற சான்று) கேட்கும்போதே நான்கு ஆண்டுக் கட்டண விவரத்தில் ஹாஸ்டலையும் மெஸ்ஸையும் தனித்தனி வரியாகப் போடச் சொல்லுங்கள். மொத்தமாக "இதரக் கட்டணம்" என்று இருந்தால் வங்கி மேலாளர் திருப்பி அனுப்புவார். காஷன் டெபாசிட் போன்ற திரும்பக் கிடைக்கும் தொகைகளைப் பொதுவாக மொத்தக் கல்விக் கட்டணத்தில் 10 சதவீதம் வரைதான் கடனில் சேர்ப்பார்கள். வெளியே தங்கினாலும் நியாயமான தங்கும் செலவைக் கணக்கில் எடுக்க வழி உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். வருமான வரியில் 80சி என்று அறியப்படும் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு, அதுவும் கல்விக் கட்டணத்துக்கு மட்டும். ஹாஸ்டல் ரசீதை ஆடிட்டரிடம் நீட்டிப் பயனில்லை.

மெஸ் பில். பெற்றோர் அதிகம் சண்டை போடுவதும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். மாணவர்களே நடத்தும் டிவைடிங் முறையில் மாதாமாதம் தொகை மாறும். அந்த மாதத்தின் மொத்தச் செலவை மொத்தச் சாப்பாட்டு நாட்களால் வகுத்து ஒரு நாள் விலை போடுவார்கள். கணக்குக்காக ஓர் உதாரணம்: 300 பேர், 30 நாள், ஆக 9,000 சாப்பாட்டு நாள். செலவு 10,80,000 ரூபாய் என்றால் நாளுக்கு 120, முழு மாதம் 3,600. இப்போது ஸ்டடி ஹாலிடே மாதத்தில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள் என்று வையுங்கள். சாப்பாட்டு நாள் 4,500. மளிகை, காய்கறி, பால் 8,10,000 ரூபாய் ஆகிக்கொண்டிருந்தது 4,05,000 ஆகும். ஆனால் சமையல்காரர்கள் சம்பளம் மாதிரியான நிலையான 2,70,000 குறையாது. மொத்தம் 6,75,000, நாளுக்கு 150. "பாதி ஹாஸ்டல் காலி, பில் மட்டும் எப்படி ஏறுது?" என்று கத்துகிறவர்களுக்கு இதுதான் விடை. எல்லா நேரமும் திருட்டு இல்லை. சந்தேகம் இருந்தால் மாத வரவு செலவை மெஸ் கமிட்டியில் கேட்கலாம்.

ஊருக்குப் போன நாட்களுக்குக் கழிவு வேண்டுமென்றால் மெஸ் ரிடக்‌ஷன் படிவம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். தொடர்ச்சியாக இத்தனை நாள் இருந்தால்தான் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், கிளம்பும் நாளும் திரும்பும் நாளும் பெரும்பாலும் கணக்கில் வராது. வெள்ளி மாலை போய்த் திங்கள் காலை வந்தால் ஒன்றும் குறையாது. கான்ட்ராக்டருக்கு விட்ட மெஸ்ஸில் பெரும்பாலும் இந்தக் கணக்கே கிடையாது. மாதத் தொகை நிலையானது, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் ஒரே பில். எந்த முறை என்று சேரும் முன்பே கேளுங்கள்.

சாமான் வாங்குவதில் அவசரம் வேண்டாம். மெத்தைதான் முக்கியம்: கட்டில் சில இடங்களில் 6 அடிக்கு 3 அடி, சில இடங்களில் இரண்டரை அடிதான். அளந்துவிட்டு வாங்குங்கள். அலமாரிக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என இரண்டு பூட்டு, பக்கெட், தட்டு, டம்ளர், கொசுவலை போதும். கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு, வாட்டர் ஹீட்டர் சோதனையில் பிடிபட்டால் பறிமுதலும் அபராதமும். அயர்ன் பாக்ஸுக்கான விதி இடத்துக்கு இடம் மாறும்.

அவுட்பாஸுக்கு (ஹாஸ்டலை விட்டு வெளியே போக அனுமதி) வார்டன் அழைப்பது படிவத்தில் கொடுத்த பெற்றோர் எண்ணுக்குத்தான். ஷிப்ட் வேலையில் இருக்கும், வெளிநாட்டில் இருக்கும் அப்பாவின் எண்ணைப் பெருமைக்குக் கொடுத்துவிட்டால் வெள்ளிக்கிழமை மாலை பிள்ளை கேட்டில் நிற்கும். எடுப்பவர் எண்ணைக் கொடுங்கள். பெண்கள் ஹாஸ்டலில் இந்தக் கெடுபிடி எல்லாமே ஒரு மடங்கு கூடுதல். பையன்கள் ஹாஸ்டலில் அதே வார்டன் அதே கேட்டைக் கண்டும் காணாமல் விடுவார். நியாயம் இல்லைதான்.

ஹாஸ்டலில் இடம் கிடைக்காவிட்டால் கல்லூரிக்கு வெளியே தேட வேண்டியதுதான். அரசின் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகள், 2025இல் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியவை, கட்டணம் இல்லாதவை. வருமான வரம்பும், வீட்டிலிருந்து தூர நிபந்தனையும் பார்ப்பார்கள். தனியார் பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். பார்க்கக் கேளுங்கள், மழுப்பினால் அடுத்த கதவைத் தட்டுங்கள். வாடகையோடு ஜிஎஸ்டி கேட்டால், மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாமலும் தொடர்ந்து 90 நாளுக்குக் குறையாமலும் தங்கினால் 2024 ஜூலையிலிருந்து விலக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

காஷன் டெபாசிட் கடைசி ஆண்டில் நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) வாங்கிய பிறகுதான் வரும். அசல் ரசீது கேட்பார்கள். வெயிலில் மங்கும் தெர்மல் பேப்பர் ரசீதாக இருந்தால் அன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். பணம் பிள்ளையின் கணக்குக்குத்தான் போகும். இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாவிட்டால் வங்கி அந்தக் கணக்கைச் செயலற்றதாக்கிவிடும், அதனால் நடுவில் நூறு ரூபாயாவது போட்டு எடுத்துக்கொண்டிருங்கள். ஹாஸ்டல் இடமும் நான்கு ஆண்டுக்குச் சேர்த்துத் தருவதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் மறுபடி விண்ணப்பம், மறுபடி அதே ஜன்னல்.