நாற்றுத் தட்டும் லென்ஸ் டப்பாவும்: இரண்டு மாதக் கணக்கு

மொட்டை மாடியில் பிவிசி குழாயை வளைத்து, மேலே யூவி ஷீட்டைப் போர்த்தி, குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பசுமைக்குடில் கட்டினேன். "மதுரை வெயிலுக்கு இது எதுக்குடா, செடியை அவிக்கவா?" என்றார் அம்மா. கேள்வியில் தப்பில்லை. மாசி மாத மதியம் வெளியே 33 டிகிரி, உள்ளே 41.

பிகேஎம் 1 தக்காளி விதை, குழித்தட்டு, தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம். ஒரு தட்டில் 40 விதை போட்டு குடிலுக்குள்ளும், இன்னொரு 40 வெளியே நிழல்வலைக்குக் கீழேயும் வைத்தேன். உள்ளே இருந்தவை நாலாம் நாளே தலைகாட்டிவிட்டன, மொத்தம் 36. வெளியே ஒரு வாரமாகி 33. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த பதினோராம் நாள் காலையில் பார்த்தால் உள்ளே 15 நாற்று படுத்துக் கிடக்கிறது. இலையெல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது, ஆனால் தண்டு மண்ணைத் தொடும் இடம் மட்டும் நனைந்த நூல் மாதிரி சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. நாற்றழுகல். வெளியே போனது 2 மட்டும். உள்ளே ஈரம் வெளியேற வழியே இல்லாதபோதும் வெளித்தட்டுக்கு ஊற்றியது போலவே இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

அடுத்த முறை, நோய்ப் பூஞ்சைகளை அடக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சையில் விதை நேர்த்தி, காலையில் மட்டும் தண்ணீர், பகலில் இரண்டு பக்கமும் திறப்பு. போனது 3. ஆனால் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றியதால் எது காப்பாற்றியது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

நாற்றழுகலுக்குப் பெரும்பாலும் பித்தியம் என்ற, பூஞ்சை மாதிரியான நுண்ணுயிர்தான் காரணம். அதைத் தேடிப் படித்தபோது கூடவே பியூசேரியம் என்ற பூஞ்சையின் பெயரும் வந்தது. தக்காளி வாடல் நோயைக் கொண்டுவருவது அதில் ஒரு வகை. அதன் பங்காளிகள் மனிதக் கருவிழியில் புண் உண்டாக்குகிறார்கள். எங்கள் ஊரிலேயே 1994-இல் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்திருக்கிறார்கள்: கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பூஞ்சை, அதில் முதலிடம் பியூசேரியம். 2006-இல் சிங்கப்பூர், ஹாங்காங், அமெரிக்கா என்று காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்களிடையே பரவியதும் இதுவே. நான் ஆறு வருடமாக லென்ஸ் போடுகிறவன், நார்க்கழிவு கிளறிய கையைக் குழாயில் லேசாக அலசிவிட்டு லென்ஸைக் கழற்றுகிறவன், டப்பாவில் பழைய சொல்யூஷன் மேலேயே புதுசை ஊற்றுகிறவன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

சரி, என் டப்பாவில் கிருமி வளர்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று கொழுப்பு நீக்கி வடிகட்டிய சிக்கன் சூப் 200 மில்லி, கொஞ்சம் சர்க்கரை, உறைவதற்கு 4 கிராம் கடல்பாசி (அகர்) சேர்த்துக் குக்கரில் 20 நிமிடம் வேகவைத்து, மூடி போட்ட மூன்று பெட்ரி தட்டுகளில் ஊற்றினேன். முதலாவதில் என் பழைய டப்பாவைத் தடவிய பஞ்சு. இரண்டாவதில் ஒரு வாரம் ஒழுங்காக வைத்திருந்த புது டப்பா: தினமும் கொட்டி, சொல்யூஷனால் கழுவி, டிஷ்யூ மேல் கவிழ்த்துக் காயவைத்தது. மூன்றாவதில் வெறும் பஞ்சு. டேப் ஒட்டி அலமாரியில் வைத்தேன்.

நாலாம் நாள் முதல் தட்டில் குண்டூசித் தலை அளவில் பால்நிறப் புள்ளிகள், முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டு நிறுத்திவிட்டேன். ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பொதி. இரண்டாவதில் 2 புள்ளி. வெறும் பஞ்சிலேயே 1 வந்துவிட்டதால் அந்த 2-ஐ வைத்து எதுவும் பேச முடியாது. இங்கேயும் அதே தப்பு: டப்பாவின் வயதையும் பழக்கத்தையும் சேர்த்தே மாற்றியிருக்கிறேன். இனி இரண்டு புது டப்பா, பழக்கம் மட்டும் வேறு. புள்ளியைப் பார்த்து எந்தக் கிருமி என்று என்னால் சொல்ல முடியாது, குழாய்த் தண்ணீரில் இருக்கக்கூடிய, கண்ணைத் தாக்கும் அகாந்தமீபா என்ற ஒருசெல் உயிரி இப்படி வெறும் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியவும் தெரியாது, அதனால் தட்டு சுத்தமாக இருந்தாலும் லென்ஸில் குழாய்த் தண்ணீர் படக்கூடாது. தட்டுகளைத் திறக்காமலே பிளீச்சிங் பவுடர் கரைசலுக்குள் அமுக்கி, அதற்குள்ளேயே டேப்பைப் பிரித்து ஒரு நாள் ஊறவிட்டுத்தான் தூக்கிப் போட்டேன்.

இப்போது குடிலுக்குள் லென்ஸ் போடுவதில்லை, மூக்குக் கண்ணாடிதான். உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிடமே அதில் ஆவி படிந்து, எது களை எது நாற்று என்று தெரியாமல் நேற்று நல்ல நாற்று ஒன்றைப் பிடுங்கிவிட்டேன்.